பிளைவுட்டில் ஒயின் பாட்டில் தாங்கி: சுவரில் நிற்குமா, விழுமா?

குமுளியிலிருந்து வந்த கேள்வி, 3 அக்டோபர் 2024

"அண்ணே, ஹால் சுவரில் மாட்டுகிற மாதிரி வைன் பாட்டில் தாங்கி ஒன்று செய்யணும். எட்டுப் பாட்டில், படுத்த வாக்கில். பிளைவுட்டில் செய்யலாம் என்றால் ஆசாரி சிரிக்கிறார். பிளைவுட் வெறும் ஒட்டு அட்டை, பாட்டில் கனத்துக்கு ஆறு மாதத்தில் வளையும், அப்புறம் சுவரோடு பிய்ந்து விழும், தேக்கு வாங்கு, முடியாவிட்டால் பலா வாங்கு என்கிறார். நிஜமா?"

4 அக்டோபர் 2024, காலை

தேக்கும் வேண்டாம், பலாவும் வேண்டாம்.

நான் ஆசாரி இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேனிப் பக்கம் கம்பம் ஊரில் ஒரு பிளைவுட் கடையில் எட்டு வருஷம் கணக்கு எழுதினேன். கேரளத்துப் பெரும்பாவூரிலிருந்து குமுளி வழியாக லாரி இறங்கும். எந்தப் பலகை போனது, எது திரும்பி வந்தது, எவன் வந்து கத்தினான், எல்லாம் என் நோட்டில்தான் இருந்தது. வளைந்துபோச்சு என்று வந்தவர்கள் பெரும்பாலும் கட்டிலுக்கு ஆறடி நீளத்தில் நடுவில் கால் இல்லாமல் போட்டவர்கள். ஒன்றரை அடிப் பலகை வளைந்தது என்று ஒருவரும் வந்ததில்லை.

பிளைவுட் அட்டை இல்லை. மரத்தைப் பென்சில் சீவுகிற மாதிரி சுற்றிச் சுற்றித் தோலாக உரிப்பார்கள். ஒரு தோலின் நார் நீளவாக்கில், அடுத்தது குறுக்குவாக்கில் என்று மாற்றி அடுக்கிப் பசை போட்டுச் சூட்டில் அழுத்துவார்கள். அடுக்கு எப்போதும் ஒற்றைப்படை. மரத்துக்குப் பிளக்க ஒரு வாக்கு உண்டு, இதற்குக் கிடையாது. நீ பாட்டிலுக்காக அரை வட்டம் அரை வட்டமாக வெட்டப் போகிறாய் அல்லவா? தேக்கில் அப்படி வெட்டினால் இரண்டு வட்டத்துக்கு நடுவில் நிற்கிற கொம்பு நார் குறுக்கே ஓடுவதால் சும்மா தட்டினாலே பெயரும். பிளைவுட்டில் அந்தக் கொம்பு நிற்கும். இந்த வேலைக்குப் பிளைவுட்தான் சரி, ஆசாரி சொல்வதற்கு நேர் எதிர்.

கனத்தைப் பார். 750 மில்லி பாட்டில் நிறைந்தால் கிட்டத்தட்ட 1.3 கிலோ. எட்டுக்குப் பத்தரை. தாங்கியே ஆறு, ஏழு கிலோ வரும். மொத்தம் 17 கிலோ. நாலு வயதுப் பிள்ளையைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

18 மில்லிமீட்டர் மெரைன் பிளை வாங்கு. மற்றதைத் தொடாதே.

4 அக்டோபர் 2024, இரவு

காலையில் எழுதியதில் கடைசி வரியை அடித்துவிடு. மெரைன் என்று கை தானாக எழுதிவிட்டது. எட்டு வருஷப் பழக்கம். யார் எதைக் கேட்டாலும் "மெரைன் எடுங்க சார், காலத்துக்கும் இருக்கும்" என்று சொல்லச் சொல்லி முதலாளி பழக்கியிருந்தார்.

மெரைன் என்பது ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரம். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் அடுக்கு பிரியக் கூடாது என்ற கணக்கு. உன் ஹால் சுவரை யார் கொதிக்க வைக்கப் போகிறார்கள்? ஐ.எஸ். 303-இல் இரண்டு தரம் உண்டு: எம்.ஆர். (காற்றின் ஈரம் தாங்குவது), பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்குவது). கம்பம் என்றால் ஹாலுக்கு எம்.ஆர். போதும் என்பேன். குமுளி அப்படி இல்லை. ஜூன் பிறந்தால் துணி காய நாலு நாள், செருப்பில் பூஞ்சை. பி.டபிள்யூ.ஆர். எடு.

ரப்பர் மரப் பலகை என்றால் ஓரத்தை நன்றாகப் பார். குண்டூசித் துளை, கீழே மாவு மாதிரித் தூள் இருந்தால் பூச்சி உள்ளே குடியிருக்கிறது. கடைக்காரன் "அது மரத்தூள்" என்பான். தட்டிவிட்டு, பத்து நிமிஷம் கழித்து வந்து பார். நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

6 அக்டோபர் 2024

முழுப் பலகை வாங்காதே. எட்டுக்கு நாலு என்றால் 32 சதுர அடி. உனக்கு ஆறே காலோ ஆறரையோ சதுர அடிதான் வேணும். நாலுக்கு இரண்டு துண்டு கேள். எல்லாக் கடையிலும் பின்பக்கம் சுவரில் சாய்த்து வைத்த வெட்டுத் துண்டுகள் கிடக்கும். மழை நாளில் போனால் பேரம் படியும், ஆள் வந்திருக்க மாட்டான்.

வீட்டில் இருந்த பாட்டில்களை எல்லாம் அளந்தேன். சாதாரண நேர்த்தோள் ஒயின் பாட்டில் உடம்பு 75, 76 மில்லி. தோள் சரிந்த குண்டுப் பாட்டில் 80-ஐத் தாண்டும். ஷாம்பெய்ன் வகை இன்னும் தடி, 88 வரை போகும். கழுத்து வாய்ப்பக்கம் 30 சுமார். நீளம் ஏறக்குறைய ஒரு அடி. நன்னாரி சர்பத் பாட்டிலையும் அளந்தேன், 74. அது சும்மா தெரிந்துகொள்ள.

ஆகவே உடம்புக்கு 89 மில்லி ஹோல்-சா (டிரில்லில் மாட்டி வட்டமாக அறுக்கிற ரம்பம்), கழுத்துக்கு 38. ஆசாரி நூல் கணக்கில் கேட்டால் மூன்றரை இஞ்ச், ஒன்றரை இஞ்ச் என்று சொல். (எட்டு நூல் ஒரு இஞ்ச். நம் 18 மில்லி பலகையை அவர் "ஆறு நூல்" என்பார். உண்மையில் ஆறு நூல் 19 மில்லி. அந்த ஒரு மில்லியில் எத்தனை டிராயர் இறுகிப்போயிருக்கிறது என்று ஒரு புத்தகம் எழுதலாம்.)

இனி வேலையின் ருசியான இடம். அரை வட்டம் வெட்டாதே. 44 சென்டிமீட்டர் நீளம், 15 அகலத்தில் ஒரு கீற்று எடு. நட்டநடுவில் நீளக்கோடு போடு. அந்தக் கோட்டில் 11 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நாலு முழு வட்டம் துளை. அப்புறம் அதே கோட்டில் நீளமாக அறுத்துவிடு. ஒரே அறுப்பில் ஒரே மாதிரி இரண்டு தாங்கு கட்டைகள். உடம்புக்கு ஒரு கீற்று, கழுத்துக்கு ஒரு கீற்று. இரண்டு அறுப்பு, நாலு கட்டை, இரண்டு வரிசை, எட்டுப் பாட்டில். முடிந்தது.

7 அக்டோபர் 2024

நேற்று எழுதியதைப் பார்த்துவிட்டு என் மச்சான் போனில் கேட்டான்: "உடம்பு தடி, கழுத்து ஒல்லி. இரண்டு கட்டையும் ஒரே உயரத்தில் வைத்தால் பாட்டில் கவிழ்ந்து நிற்காதா? கழுத்துக் கட்டையை உயர்த்தணுமே?"

நானும் அப்படித்தான் நினைத்து முதலில் தனித்தனி உயரம் குறித்து வைத்திருந்தேன். காகிதத்தில் போட்டுப் பார்த்தால் தேவையே இல்லை. இரண்டு வட்டத்துக்கும் மையம் கட்டையின் மேல் விளிம்பில் இருக்கிறது. தடித்த உடம்பு ஆழமான குழியில் இறங்குகிறது, ஒல்லிக் கழுத்து ஆழம் குறைந்த குழியில் இறங்குகிறது. 76 பாட்டில் 89 குழியில் உட்கார்ந்தால் அதன் நடு, விளிம்புக்கு ஆறரை மில்லி கீழே. 30 கழுத்து 38 குழியில் உட்கார்ந்தால் நாலு மில்லி கீழே. வித்தியாசம் இரண்டரை மில்லி. கண்ணுக்கே தெரியாது. கழுத்து ஒரு துளி தாழ்ந்திருக்கணும் என்றால் முன்னால் வருகிற கழுத்துக்கட்டையை ஒரு நூல் இறக்கி அடி.

கார்க் போட்ட பாட்டிலுக்குத்தான் இந்தப் படுக்கை. கார்க் காய்ந்தால் சுருங்கும், காற்று உள்ளே போகும். திருகு மூடி என்றால் நின்றாலும் ஒன்று, படுத்தாலும் ஒன்று. உன் எட்டில் எத்தனை கார்க்?

7 அக்டோபர் 2024, பிறகு

எல்லாம் கார்க்காம். பாதி வாங்கியதாம், பாதி வீட்டில் போட்டதாம். வீட்டில் போட்டது பற்றி நான் எதுவும் படிக்கவில்லை, நீயும் எழுதவில்லை. கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க எக்சைஸ்காரர்களும் இணையம் பார்க்கிறார்கள்.

11 அக்டோபர் 2024

பக்கவழி ஒன்று. கேள்வி கேட்ட குமுளித் தங்கச்சி, வீட்டு ஒயினுக்கு மாமியார் கையால் எழுதிய பட்டியலைப் படமெடுத்து அனுப்பியிருந்தது. "முந்திரி 5 கிலோ" என்று இருக்கிறது. பார்த்ததும் சிரித்துவிட்டேன். மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை, நமக்கு முந்திரிக்கொட்டை. என் மச்சான் திராட்சைக் கமிஷனில் புதிதாகச் சேர்ந்த வருஷம் வண்டிப்பெரியாற்றிலிருந்து "கறுத்த முந்திரி ரெண்டு பெட்டி" என்று போன் வந்தது. கம்பம் மார்க்கெட்டில் கடை கடையாக ஏறிக் கருப்பு முந்திரிப் பருப்பு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறான். கேட்ட இடம் பன்னீர் திராட்சைக்கு நடுவில். இப்போதும் கல்யாண வீட்டில் அவனைப் பார்த்தால் "கறுத்த முந்திரி வந்துட்டாப்ல" என்பார்கள்.

பன்னீர் திராட்சை என்று வந்துவிட்டதால்: மற்ற ஊரில் வருஷத்துக்கு ஒரு பருவம், கம்பம் பள்ளத்தாக்கில் எந்த மாதத்திலும் ஏதாவது ஒரு பந்தலில் அறுப்பு நடக்கும். புவிசார் குறியீடு கிடைத்தது 2023-இல். அதனால் கிலோவுக்கு எனக்கு என்ன கூடியது என்று கேட்காதே.

சரி, பலகைக்கு வருவோம். வேலை தொடங்கியாச்சா?

19 அக்டோபர் 2024

எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். என் தாங்கி விழுந்த கதை.

பிளைவுட் விழாது என்று அடித்துச் சொன்னவன் வீட்டிலேயே விழுந்தது. 2023 போகி ராத்திரி. மெரைன் பலகைதான், கடையில் எனக்காகவே ஒதுக்கி வைத்தது. ஓரமெல்லாம் லிப்பிங் (அடுக்கை மறைக்கிற மெல்லிய மரப்பட்டை) ஒட்டி, மூன்று கை சீலர் அடித்து, கடைசியில் 320 உப்புத்தாளில் தேய்த்து, கண்ணாடி மாதிரி. புத்தாண்டு கழிந்து மாட்டினேன். ஆறு நன்னாரி சர்பத், குமுளியிலிருந்து கிறிஸ்துமஸுக்கு வந்த இரண்டு பாட்டில். பதினோரு ராத்திரி நின்றது. பன்னிரண்டாவது ராத்திரி இரண்டு மணிக்கு வீடே இடிந்த மாதிரிச் சத்தம். விளக்கைப் போட்டால் ஹால் முழுக்கக் கண்ணாடி, சர்பத், சிவப்பு. மறுநாள் லோயர் கேம்ப்பில் பென்னிகுவிக் பிறந்தநாள் பொங்கலுக்குப் போக வேண்டிய ஆள், விடியும்வரை தரை கழுவினேன். ஒரு மாதம் எறும்பு ஊர்ந்தது. அம்மா போகி என்பதால் "பழையன கழிதல்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். புதுப் பலகை அது.

பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு மூலை கூட மழுங்கவில்லை.

அன்றிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் பிளக் (சுவர்த் துளையில் திருகைப் பிடிக்கச் செருகுகிற பிளாஸ்டிக் உறை) மோசம் என்று சொல்லி வந்தேன். விற்ற கடைக்காரரைக் கூடத் திட்டினேன். போன வாரம் இந்தக் கேள்விக்காகப் பழைய டப்பாவைத் துழாவினேன். அந்தத் திருகுகள் கிடந்தன. பிளக் பிளாஸ்டிக் இன்னும் திருகோடு ஒட்டிக்கொண்டு, அதைச் சுற்றிச் சுண்டைக்காய் அளவு சிமெண்ட் பூச்சு. பல் பிடுங்கினால் வேரோடு வரும் பார், அப்படி. ஒன்றில்கூடச் செங்கல் தூள் இல்லை.

திருகை அளந்தேன். 35 மில்லி. பலகை 18. மிச்சம் 17. எங்கள் வீட்டுப் பூச்சு 20 மில்லி. மொத்தத் தாங்கியும் பூச்சில் தொங்கியிருக்கிறது, சுவரைத் தொடவே இல்லை. பூச்சு என்பது சுவருக்குப் போட்ட சட்டை. சட்டையில் குத்திய ஊசியில் 17 கிலோ தொங்கவிட்டால் எத்தனை நாளைக்கு?

அந்தக் கடைக்காரர் இதைப் படித்தால், தப்பு என்மேல்தான் அண்ணே.

20 அக்டோபர் 2024

அதனால் திருகுக் கணக்கை மாற்று. பலகை 18, பூச்சு 15 முதல் 20, அதற்கும் உள்ளே செங்கல்லில் குறைந்தது 40. மூன்றையும் கூட்டினால் 75 மில்லித் திருகு வந்துவிடும். மூன்று இஞ்ச். பார்க்கப் பயமாக இருக்கும், வாங்கு.

துளை போடும்போது பிட்டின்மேல் எவ்வளவு ஆழம் வேண்டுமோ அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள். கீழே ஒருவர் காகிதத்தை மடித்துப் பிடிக்கட்டும். முதலில் சாம்பல் தூள் கொட்டும், அது பூச்சு. அப்புறம் ஒரு நொடி டிரில்லின் சத்தம் மாறும், கையில் அதிர்வு கனக்கும், தூள் செங்காவியாக மாறும். அங்கேதான் உண்மையான சுவர் தொடங்குகிறது. சிவப்பு வந்த பிறகு 40 மில்லி போ. பிளக்கையும் அதுவரை உள்ளே தள்ளு, பூச்சு மட்டத்தோடு நிறுத்தாதே.

உங்கள் பக்கம் வெட்டுக்கல் வீடு என்றால் தூள் ஆரம்பத்திலிருந்தே செம்மண் மாதிரி இருக்கும், இந்த அடையாளம் ஏமாற்றும். வெட்டுக்கல்லில் சுத்தி அடி இல்லாமல் வெறும் சுழற்சியில் துளை, இல்லாவிட்டால் ஓட்டை பெரிதாகிப் பிளக் ஆடும். ஓட்டைக்கல் சுவரில் பிட் திடீரென்று வெறுமைக்குள் விழும். அதில் சாதாரணப் பிளக் போடாதே, உள்ளே விரிகிற வகை கேள்.

20 அக்டோபர் 2024, மாலை

தேக்கு சொன்ன ஆசாரி, "சுவரோடு பிய்ந்து விழும்" என்றும் சொன்னார் அல்லவா? அதில் பாதி சரி. முதல் நாள் நான் அந்தப் பாதியைக் கவனிக்காமல் மரத்துக்கே வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

27 அக்டோபர் 2024

இழுவை பற்றி ஒருவர் தனியாகக் கேட்டார். எளிது. பாட்டில்கள் சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் தாங்கி தன் கீழ் விளிம்பை ஊன்றி முன்னால் கவிழப் பார்க்கிறது. மேல் திருகு அதைப் பிடித்து இழுக்கிறது. 17 கிலோ, சுவரிலிருந்து சராசரி 12 சென்டிமீட்டர் தள்ளி. முதுகுப்பலகை 40 சென்டிமீட்டர் உயரம் என்றால் மேலே இழுவை ஐந்து, ஆறு கிலோதான். அதே கனத்தை நாலு இஞ்ச் பட்டையில் தொங்கவிட்டால் இழுவை இருபது கிலோ. கடையில் விற்கிற அழகான ஒற்றைப் பட்டைத் தாங்கிகள் விழுவது இதனால். முதுகு உயரமாக இருக்கட்டும், திருகு உச்சியில் இருக்கட்டும்.

மாட்டுவதற்கு நான் இப்போது சொல்லும் வழி: மூன்று இஞ்ச் அகலப் பட்டை ஒன்றை நீளவாக்கில் 45 பாகையில் சாய்த்து அறுத்தால் இரண்டு பட்டை கிடைக்கும். ஒன்று சுவரில், சாய்வு மேல்நோக்கி, உள்பக்கம் பள்ளமாக. மற்றது தாங்கியின் முதுகில் தலைகீழாக. தூக்கி மாட்டினால் ஒன்றில் ஒன்று கொக்கி போட்டுக்கொள்ளும். கனம் கூடக் கூடச் சுவரை நோக்கி இறுகும். முதுகின் அடியில் அதே தடிமனில் ஒரு துண்டு ஒட்டு, இல்லாவிட்டால் தாங்கி கீழே உள்வாங்கிச் சாய்ந்து நிற்கும். சாய்த்து அறுப்பதைக் கையால் முயலாதே. கடையில் மேஜை ரம்பம் இருக்கும், அறுத்துத் தரச் சொல்லி டீக்காசு கொடு.

சுவர்ப்பட்டையை ரசமட்டம் வைத்து நாலு இடத்தில் பிடி. இனி திருகு எல்லாம் இந்தப் பட்டையில்தான், முதுகுப்பலகையில் இல்லை. தேவைப்பட்டால் தாங்கியைக் கழற்றிச் சுவர் வெள்ளையடிக்கலாம்.

2 நவம்பர் 2024

குமுளியில் வேலை நடக்கிறது. தங்கச்சியின் கொழுந்தன் ஹோல்-சா போட்டிருக்கிறார். வீடு முழுக்கக் கருகல் வாசனையாம், வட்டத்தின் அடிப்பக்கம் நார் பிய்ந்து முடி சிலிர்த்த மாதிரியாம். ஒரே மூச்சில் அந்தப் பக்கம் வரை ஓட்டியிருக்கிறார். பாதி துளைத்து, நடு ஊசி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்து. பலகையைத் திருப்பி அந்த ஊசித் துளையிலேயே வைத்து மறுபக்கத்திலிருந்து முடி. அடியில் ஒரு வீண் பலகை. வேகத்தைக் குறை, அடிக்கடி எடுத்துத் தூளைத் தட்டு.

பிய்ந்ததைத் தூக்கிப் போடாதே. அந்தப் பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வை. பாட்டிலுக்குப் பின்னால் யார் எட்டிப் பார்ப்பார்கள்?

பிளைவுட்டின் ஓரத்தில் திருகு ஏற்றும்போது கவனம். முகத்தில் பிடிக்கிற மாதிரி ஓரத்தில் பிடிக்காது, அடுக்கு விரியும். நாலு மில்லித் திருகுக்கு மூன்று மில்லித் துளை முதலில். இணைப்பில் பெவிகால் தாராளமாக. கிளாம்ப் இல்லையா? பழைய சைக்கிள் டியூபை நாடாவாக அறுத்து இழுத்துச் சுற்று. ராத்திரி முழுக்க இருக்கட்டும். கிளாம்ப் கூட இவ்வளவு சமமாக அழுத்தாது.

9 நவம்பர் 2024

படம் வந்தது. கழுத்துக்கட்டை சுவர்ப்பக்கம், உடம்புக்கட்டை முன்பக்கம். கொழுந்தன் பாட்டிலைப் பின்பக்கமாக வைக்கப் போகிறார் போல. பசை காய்வதற்குள் போன் போட்டேன்.

18 நவம்பர் 2024

மாட்டியாச்சாம். ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டினார்களாம். இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தாராம் மனிதர். அசையவில்லை. "பட்டை நல்லாருக்கு, பலகை பிளைவுட்தானே" என்றுவிட்டுப் போனாராம்.

நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

26 டிசம்பர் 2024

நேற்று ராத்திரி குமுளியிலிருந்து போன். "அண்ணே, தாங்கி நிக்குது. ஆனா பாட்டில் வெடிச்சிருச்சு."

வெடிக்கவில்லை, கார்க் பறந்திருக்கிறது. வீட்டில் போட்டது. கிறிஸ்துமஸ் கூட்டம், அடுப்பு, ஜன்னல் சாத்தி ஹால் சூடு. "டப்" என்று ஒரு சத்தம், எதிரே சோபாவில் இருந்த பெரியப்பா மடியில் கார்க். படுத்த பாட்டில் ஆனதால் உள்ளே இருந்த முக்கால்வாசியும் அவர் வேட்டியில். கோபப்படவில்லையாம், வேட்டியைப் பிழிந்துவிட்டு ருசி நல்லாருக்கு என்றாராம்.

காரணம் இதுதான். குளிரில் ஈஸ்ட் தூங்கிவிடும், சாகாது. பரணி ஜாடியில் நுரை நின்றுவிட்டது, இருபத்தொரு நாளும் ஆகிவிட்டது என்று பாட்டிலில் ஊற்றிக் கார்க் அடித்துவிடுகிறோம். உள்ளே சர்க்கரை மிச்சம் இருக்கிறது. இடம் சூடானதும் எழுந்து மறுபடி வேலை பார்க்கும். வாயு எங்கே போகும்? நின்ற பாட்டில் என்றால் வாயு மட்டும் போகும். படுத்திருந்தால் கார்க்குக்குப் பின்னால் திரவம் இருக்கிறது, எல்லாம் வரும்.

பரணியின் வாயில் ஊசித்துளை போட்ட பலூனை மாட்டி, சூடான இடத்தில் ஒரு வாரம் வை. பலூன் தலை தூக்கினால் இன்னும் வேலை நடக்கிறது. தூக்கவே இல்லை என்றால் பாட்டிலில் ஊற்று. அதன் பிறகும் ஒரு மாதம் நிற்க வைத்துவிட்டுப் படுக்கப் போடு. வாங்கிய பாட்டிலுக்கு இந்தக் கவலை இல்லை.

இதை அக்டோபரிலேயே சொல்லியிருக்கணும். வீட்டில் போட்டது என்றதும் எக்சைஸ் ஜோக் அடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். பெரியப்பா வேட்டி என் கணக்கில்.

28 டிசம்பர் 2024

இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை. அந்தப் போகி ராத்திரியில் எங்கள் ஹாலில் இருந்த இரண்டு பாட்டிலும் குமுளியிலிருந்து வந்ததுதானே? மலைக்குளிரில் கார்க் அடித்து, கீழே எங்கள் ஊர், தேனிப் பக்கக் கூடலூர், வெக்கைக்கு இறக்கியது.

அம்மாவிடம் கேட்டேன். "அன்னைக்கு எத்தனை சத்தம் கேட்டுச்சு?" யோசிக்கவே இல்லை. "ரெண்டு. மொதல்ல சின்னதா ஒண்ணு. பூனை எதையோ உருட்டுதுன்னு நெனச்சேன். அப்புறம்தான் அது." இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றால், நீ எங்கே கேட்டே என்கிறார்.

பொங்கலுக்குப் பிறகு கட்டிலுக்கு அடியில், தாங்கி விழுந்த இடத்திலிருந்து நாலடி தள்ளி, ஒரு கார்க் கிடந்தது. உடைந்த பாட்டிலிலிருந்து உருண்டது என்று அன்று நினைத்தேன். உடைந்த பாட்டிலில் கார்க் கழுத்தோடுதானே இருக்கும்? இன்னொன்று அப்படித்தான் இருந்தது, கழுத்துத் துண்டோடு சேர்த்துக் குப்பையில் போட்டது நினைவிருக்கிறது.

19 அக்டோபர் குறிப்பைத் திருத்துகிறேன். பிளக் இல்லை, திருகு நீளம் என்றேன். திருகு நீளம் இன்னும் சரிதான், நாளைக்கோ மறுநாளோ எப்படியும் விழுந்திருக்கும். ஆனால் அன்றைக்கு, அந்த இரண்டு மணிக்கு ஏன் விழுந்தது? ஒரு மயிரிழையில் தொங்கியதை ஒரு கார்க் பறந்த அதிர்ச்சி தட்டிவிட்டிருக்கலாம். மச்சான் நம்பவில்லை. ஒரு கார்க் பறந்தால் 17 கிலோ விழுமா என்கிறான். விழாது. 17 மில்லியில் நின்றால் விழும்.

3 ஜனவரி 2025

மச்சான் சொல்கிறான், நான் பிளக் கடைக்காரரைத் திட்டினேன், பிறகு என்னைத் திட்டினேன், இப்போது குமுளிக்காரர்களைத் திட்டுகிறேனாம். அடுத்தது பன்னீர் திராட்சையாம்.

16 மார்ச் 2025

வெயில் ஏறிவிட்டது. தாங்கி எந்தச் சுவரில் என்று கேட்கவே இல்லையே நான். மேற்குச் சுவர் வேண்டாம், மாலை முழுக்க வாங்கிய சூட்டை ராத்திரி உள்ளே விடும். சமையலறைச் சுவரும் வேண்டாம். ஒயின் கேட்பது 12, 14 டிகிரி. கூடலூரில் ஃபிரிட்ஜுக்குள்தான் அது கிடைக்கும். குமுளியில் உள்ளறைச் சுவர், ஜன்னல் வெளிச்சம் நேராக விழாத இடம் என்றால் சமாளிக்கலாம். வருஷக்கணக்கில் சேர்த்து வைக்கிற எண்ணம் வேண்டாம். வாங்கு, மாட்டு, ஆள் வந்தால் திற.

கிழக்குச் சுவராம். தப்பித்தது.

8 ஜூன் 2025

கடைசியாக என் தாங்கி. இரண்டரை வருஷமாக அரிசி மூட்டைக்கு அடியில் கிடந்தது. மூட்டையை நகர்த்தி எடுத்துத் துடைத்தால் சீலர் பளபளப்பு அப்படியே இருக்கிறது. மெரைன் அல்லவா.

பட்டை அறுத்து வந்து, 75 மில்லித் திருகோடு, அதே சுவரில், பழைய ஓட்டைகளுக்கு ஒரு ஜாண் தள்ளி. முதல் துளையில் சாம்பல், அப்புறம் சிவப்பு. இரண்டாவதில் சாம்பல், அப்புறம் டிரில் வெண்ணெயில் போன மாதிரிச் சரக்கென்று உள்ளே போய்விட்டது, தூள் பழுப்பு. தாத்தா கட்டிய வீடு, செங்கல்லுக்கு நடுவில் மண் சாந்து. இரண்டு கல்லுக்கு நடுவில் குத்தியிருக்கிறேன். அதைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டு இரண்டு இஞ்ச் நகர்ந்தேன். சிவப்பு. மூன்றாவது சிவப்பு. நாலாவதும் சிவப்பு. காகிதத்தில் விழுந்த நாலு குவியலையும் அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். குங்குமமா என்றார்.

தாங்கியைத் தூக்கி மாட்டியதும் "டொக்" என்று ஒரு சத்தம், இறுகியது. தொங்கிப் பார்த்தேன். மச்சானையும் தொங்கச் சொன்னேன், அவன் என்னைவிட இருபது கிலோ கூட.

பாட்டில் வைக்க அம்மா விடவில்லை. மேல் வரிசையில் பூரிக்கட்டை, இரண்டு குடை. கீழ் வரிசையில் புல்லாங்குழல் கற்றுக்கொள்கிறேன் என்று வாங்கி நான் ஊதாத புல்லாங்குழல். மிச்சக் குழிகள் காலி. நன்னாரி சர்பத் ஒன்று வைக்கலாமா என்று தீபாவளிக்குக் கேட்டுப் பார்க்கணும்.